அப்பாக்களை அடையாளம் காணும் உத்தியோகம்

மரியாதைக்குரிய மச்சான் ஆதிநாராயணன் அவர்களுக்கு, உங்கள் தங்கை திலகவதியின் கணவன் மணவாளன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்களும் மகன் பரத்தும் சௌக்கியம். சோழவரத்தில் நீங்களும் பிள்ளைகளும் நட்ட நாற்றும் சௌக்கியம்தானே?

நிற்க. போன மாதம் காதுகுத்துப் பந்தியில் எல்லார் முன்னாலும், “காலேஜ் ஆபீஸ்ல குந்திகினு சீல் குத்துறதெல்லாம் ஒரு வேலையா மாப்ள?” என்று கேட்டீர்கள். வாயில் வடை இருந்ததால் அப்போது பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் கல்லூரியில் வருகைப் பதிவு குறைந்த பிள்ளைக்கு அப்பா நேரில் வந்து என் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது, பரீட்சையும் கிடையாது. வீட்டில் சொன்னால் உதை விழும் என்று பிள்ளைகள் ஆளுக்கொரு அப்பாவைப் பிடித்து வருகிறார்கள். கல்லூரி வாசல் பேக்கரி மாஸ்டர் கலியன் மூன்றாவது பிள்ளைக்கு அப்பாவாக வந்தபோது, “குடும்பம் பெர்சா கீதே?” என்றேன், ஆள் ஓட்டம் பிடித்தார். நிஜ அப்பாவுக்கு மகன் என்ன படிக்கிறான் என்றே தெரியாது, “இன்னாவோ கம்ப்யூட்டரு சார்” என்பார். போலி அப்பாதான் எல்லாவற்றையும் மனப்பாடமாக ஒப்பிப்பார். இந்தச் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தவன் நான். பிரின்சிபாலே, “மணவாளன் பார்த்தாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் எந்த அப்பாவோடும் பேசுவார்.

போன செவ்வாய்க்கிழமை கடைசி நாள். மஞ்சள் காமாலையில் படுத்து வருகை குறைந்த கெமிஸ்ட்ரி மாணவி சுகிர்தா ஓர் ஆளோடு வந்தாள். பெயர் சாம்சன், கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்தாராம். வழக்கமான கேள்வியைப் போட்டேன். மனிதர் மகளின் வகுப்பு, ரெஜிஸ்டர் நம்பர், எந்தப் பேப்பரில் என்ன மார்க், சிநேகிதி பெயர் பூமிகா என்பதுவரை மூச்சுவிடாமல் சொல்ல, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நல்லா ட்ரெய்னிங் குட்த்து இட்டாந்துகீறே. போய் நிஜ அப்பாவ இட்டா” என்றேன். “நான் பெத்த பொண்ணு சார் இது! ஆதார் கார்டு ஊட்ல கீது, எட்த்தாந்துடறேன்” என்றார் அவர். “எல்லாரும் இத்தான் சொல்றாங்க” என்றேன். தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார்.

பெண் அழவில்லை, நின்ற இடத்திலேயே நின்றாள். “எங்கம்மா செத்ததுலேர்ந்து அப்பாதான் சார் எனக்குத் தல பின்னி வுடுறாரு. என் படிப்பு அவருக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?” என்றாள். மச்சான், நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். மதியத்தோடு கவுண்டரும் மூடிவிடும். செருப்புகூட மாட்டாமல் புதுவாயல் கூட்டுரோடு வரை ஓடினேன். பஸ்ஸில் ஒரு கால் வைத்துவிட்டவரைச் சட்டையைப் பிடித்து இழுக்க, கண்டக்டர் என்னைத் திருடன் என்று அமுக்க, “இவரு அப்பா, நெசமாவே அப்பா!” என்று நான் கத்த, கடைசியில் சாம்சனே, “உடுப்பா, நம்ம காலேஜ் சாரு” என்று என்னை மீட்டார். கையெழுத்துப் போட்டார். ஹால் டிக்கெட்டை மகள் கையில் நானே கொடுத்தேன். லட்சத்தில் ஒரு நிஜ அப்பாவையும் நான்தானே கண்டுபிடித்தேன்? சீல் குத்துகிறவனால் இது ஆகுமா, நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் பயிர் பூச்சியில்லாமல் விளையவும், எல்லோரும் நோயில்லாமல் இருக்கவும் வேண்டும்,
மணவாளன்.

பி.கு.: உறையை ஒட்டும்போது பரத்தின் கல்லூரி ஆபீஸிலிருந்து போன். போன வாரம் அவன் அப்பா கையெழுத்துப் போட வந்து, சோழவரம் ஏரித் தண்ணீர் விவகாரத்தை ஒரு மணி நேரம் பேசி, எல்லோருக்கும் வேர்க்கடலை கொடுத்து, மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போனாராம். “நான்தான் பரத்தின் அப்பா, வந்தது நான் இல்லை” என்றேன். “நிஜ அப்பாவத்தான் நேர்லயே பாத்துட்டமே, நீ யாருய்யா?” என்று வைத்துவிட்டார்கள். அடுத்த வாரம் பெற்றோர் கூட்டமாம். நீங்களே போய்வந்துவிடுங்கள் மச்சான், என்னை உள்ளே விடமாட்டார்கள்.