பெரியவர் உட்கார்ந்த நாற்காலி

"கையை எடுய்யா! பெரியவர் உக்காந்த நாற்காலி. எங்க சபைக்குத்தான் சொந்தம்!"

"உங்க சபையா? அது முளைச்சே மூணு வாரம்தானே ஆச்சு!"

தச்சர் பட்டறையில் நெட்டைப் போதகர் நாற்காலியின் ஒரு கையைப் பிடித்து இழுக்க, குட்டைப் போதகர் மறு கையில் தொங்கிக்கொண்டிருந்தார். சபையை ஆரம்பித்த பெரியவர் கண்ணை மூடியதும் சீடர்கள் இருவரும் அதை ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துக்கொண்டார்கள். நாற்காலி யாரிடமோ, பெரியவரின் அதிகாரமும் அவரிடமே என்று இருவரும் பிரசங்கத்தில் சொல்லித் தொலைத்துவிட்டார்கள். நாற்காலியோ கால் ஒடிந்து தச்சரிடம் கிடந்தது.

தச்சருக்கு அதிகாரம் யாரிடம் இருந்தால் என்ன? அடுத்த மாதம் ஒரே மகளுக்குக் கோயிலில் கல்யாணம். மாப்பிள்ளை நெட்டையாரின் மகன். கோயில் சாவி குட்டையாரின் இடுப்பில். நெட்டையாருக்குக் கொடுத்தால் கோயில் போச்சு, குட்டையாருக்குக் கொடுத்தால் மாப்பிள்ளை போச்சு.

"பசை காயலைங்க ஐயா. அடுத்த வாரம் வாங்க" என்று இருவரையும் அனுப்பிவைத்தார்.

அந்த வாரத்துக்குள் அதே அச்சில் இன்னொன்று செய்தார். அடுக்களையில், தண்ணீர் டிரம்மைச் சுமந்து நின்ற ஆட்டங்கண்ட பழைய நாற்காலிக்குப் பக்கத்தில், தேயிலைச் சாயம் கொதித்தது. சாயத்தைப் பூசி, சங்கிலியால் நாலு சாத்து சாத்தியதில் புது மரத்துக்கு ஐம்பது வயது கூடியது.

"உங்க குடும்பத்துக்கு இதெல்லாம் புதுசா என்ன!" என்றாள் அவர் மனைவி. தச்சர் காதில் வாங்கவில்லை.

இருவரையும் தனித்தனியாக அழைத்து, "உங்களுதுதான் ஒரிஜினல். வெளிய சொல்லிராதீங்க" என்று ஒப்படைத்தார். போதகர்களிடம் போய் வெளியே சொல்லாதே என்றால் நடக்குமா? ஞாயிற்றுக்கிழமையே இரண்டு ஒலிபெருக்கியிலும் வந்துவிட்டது.

மறுநாள் குட்டையார் வந்தார்.

"தச்சரே, பெரியவர் உக்காந்தா கிரீச்சுனு ஒரு சத்தம் வருமே, எங்க? கால் ஒட்டுறப்போ அதையும் சரிபண்ணிட்டீரா? பழையபடி போட்டுக் கொடும்!"

தச்சர் ஒரு திருகாணியைத் தளர்த்தினார். கிரீச். குட்டையாருக்குக் கண் கலங்கிவிட்டது.

மாலைக்குள் நெட்டையார் வந்து நின்றார். "சம்பந்தி, அவனுதுல ஒரு கிரீச்சு வந்தா என்னுதுல மூணு வரணும்!"

மூன்று திருகாணிகள் தளர்ந்தன.

அந்த ஞாயிறு, அசையாத அஸ்திவாரத்தைப் பற்றி ஒன்றரை மணி நேரம் முழங்கிவிட்டு நெட்டையார் உட்கார்ந்தார். கிரீச், கிரீச், மடார்! போதகரின் கால்கள் மேலே இருந்தன. பிளந்த பலகைக்குள்ளிருந்து புத்தம்புது மரம் வெள்ளையாகப் பல்லைக் காட்டியது.

"டூப்ளிகேட் கொடுத்தவன் வீட்டுல பொண்ணு எடுக்கமாட்டேன்!" என்றார் நெட்டையார், இடுப்பில் கையை வைத்தபடி.

"பெரியவர் நாற்காலிக்கே போலி செஞ்சவன் வீட்டுக் கல்யாணத்துக்கு எங்க கோயில் திறக்காது!" என்றார் குட்டையார், ஒரிஜினலில் சாய்ந்தபடி.

பெண்ணும் பையனும் இரண்டு பேரையும் நம்பவில்லை. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியூருக்குக் குடிபோக வண்டி பிடித்தார்கள். தச்சர் மனைவி அடுக்களை நாற்காலியைத் தரதரவென்று இழுத்துவந்து வண்டியில் ஏற்றினாள்.

தச்சருக்கு மானம் போயிற்று. "ஏண்டி, தச்சன் மக புதுக்குடித்தனத்துக்கு இந்த ஆடுற நாற்காலியா?"

"சும்மா இருங்க. நீங்க வெளியூர் வேலைக்குப் போயிருந்தப்போ, அந்தப் பெரியவர் தன் குருவோட சண்டை போட்டுப் பிரிஞ்சு வந்தாரில்ல, அப்போ அங்கருந்து தூக்கிட்டு வந்தது இதுதான். ரொம்ப ஆடுதுன்னு உங்க அப்பாகிட்டயே தள்ளிட்டு, இதே மாதிரி புதுசு ஒண்ணு செஞ்சு வாங்கிட்டுப் போனாரு. வெளிய சொல்லாதேன்னாரு மாமா. நான் சொல்லல."