ஏக்கர் கணக்கை எதிர்த்துக் கேட்ட கம்ப்யூட்டர்

அன்னிக்கு வேலை ரொம்பச் சின்னது. உத்திரமேரூர்ல நெல் அறுக்கிற மெஷினை வாடகைக்கு வுடுற ஆபீஸ் ஒண்ணு கீது. அங்க நான் செஞ்சு குடுத்த புக்கிங் ஃபாரத்துல, தப்பா எதனா டைப் பண்ணா வர்ற இங்கிலீஷ் மெசேஜைத் தமிழ்ல மாத்தணும்.

காரணம் அங்க டைப் பண்ற கலா அக்கா. ஸ்கிரீன்ல அந்த இங்கிலீஷ் மெசேஜ் பொட்டி வந்தாலே, "தம்பி, வைரஸ் வந்துடுச்சி"ன்னு பிளக்கைப் புடுங்கிடுவாங்க.

நானும் குஷியா உக்காந்து எழுதினேன். போன் நம்பர் கொறைஞ்சா, "அக்கா, ஒரு நம்பரை முழுங்கிட்டீங்க." பழைய தேதி போட்டா, "நேத்திக்கு மெஷின் அனுப்ப முடியாதுக்கா."

அஞ்சு ஏக்கரை அம்பத்தஞ்சுன்னு தட்டுற பழக்கமும் அவங்களுக்கு உண்டு. அதனால நாப்பதைத் தாண்டினா, "இவ்ளோ நெலம் இவருக்கு ஏது? நல்லா கேளுங்க"ன்னு வரும். எழுதிட்டு நானே சிரிச்சிக்கினேன். பெரிய எழுத்தாளர்னு நெனப்பு.

அக்காவுக்கும் புடிச்சிப்போச்சி. "இப்பதான் இது மனுசன் மாதிரி பேசுது"ன்னாங்க.

அந்த நேரம் பார்த்து புள்ளலூர்லேர்ந்து ஒரு பெரிய விவசாயி, கூடப்பொறந்த தம்பியையும் கூட்டிக்கினு வந்தாரு. ஓனரே எழுந்து சேர் போட்டாரு. அந்த சீசன்லயே பெரிய புக்கிங் அதான். வுட்டா வாலாஜாபாத்ல மெஷின் வுடுற பார்ட்டிகிட்ட பூடும்.

"எத்தினி ஏக்கர் சார்?"ன்னு கேட்டாங்க அக்கா.

"அறுவது."

தட்டினாங்க. மெசேஜ் வந்துச்சி. நான் எழுந்து ஓடறதுக்குள்ள, நியூஸ் வாசிக்கிற மாதிரி படிச்சிட்டாங்க: "இவ்ளோ நெலம் இவருக்கு ஏது? நல்லா கேளுங்க."

பெரிய விவசாயி சேரை வுட்டு எழுந்துட்டாரு.

"இன்னாம்மா சொன்ன?"ன்னாரு பெரியவரு.

"நான் இல்ல சார். கம்ப்யூட்டர் கேக்குது."

ஓனர் என்னைப் பார்த்தாரு. நான் வாசலைப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம்தான்.

அப்போ பெரியவரோட தம்பி தொண்டையைக் கனைச்சாரு. "கரெக்டாதான் கேக்குது. பாகம் பிரிச்சி எவ்ளோ நாளாச்சி? அதுல பாதி என்னுதுண்ணா."

பெரியவரு சீலிங்கைப் பார்த்தாரு. "ஒரு பழக்கத்துல சொல்லிட்டேன்டா."

முப்பது முப்பதா ரெண்டு பேரு பேர்லயும் தனித்தனியா புக்கிங் ஆச்சி. போறப்போ தம்பிக்காரரு கம்ப்யூட்டரைத் தட்டிக் குடுத்துட்டுப் போனாரு.

ஓனர் மூச்சு வுட்டுட்டு சொன்னாரு: "மெசேஜ் இருக்கட்டும். ஆனா சத்தமா படிக்கக் கூடாதுன்னு ஒரு வரி சேத்துடு."

சேத்தேன். மறுநாள் ஒருத்தர் வந்து அம்பது ஏக்கர்னாரு.

அக்கா பொறுமையா முழுசும் படிச்சாங்க: "இவ்ளோ நெலம் இவருக்கு ஏது? நல்லா கேளுங்க. இதை சத்தமா படிக்காதீங்க."