என் உயரத்துக்கு ஒரு மாடிப்படி

கட்டட விதிப் புத்தகத்தில் எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். ஐந்தடிக்காரர்கள் மாடிப்படி வரையக் கூடாது என்பதை மட்டும் விட்டுவிட்டார்கள். எழுதியிருந்தால் என் மானம் தப்பியிருக்கும்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். சிவில் முடித்த கையோடு, விருத்தாசலத்தில் நாங்கள் கட்டிய வீட்டுக்கு நான்தான் இன்ஜினீயர். (வேறு ஆள் கிடைக்காமல் இல்லை, அப்பாவுக்குப் பாசம்.) நகராட்சி அனுமதித்த வரைபடத்தில் படிக்கு மேலே ஏழடி விட்டிருந்தேன். பாதி வேலையில் அம்மா பரண் கேட்டார். படிக்கு மேலே ஓடும் பீமை ஒன்றரை அடி இறக்கி இடம் பிடித்தேன்.

"தலை இடிக்கும்மா," என்றார் மேஸ்திரி. அந்த பீம் யானையைத் தாங்கும் என்று கணக்கை எடுத்து நீட்டினேன். போதாததற்கு அவர் முன்னாலேயே நான்கு முறை ஏறி இறங்கினேன். ஒரு முடிகூடப் படவில்லை. அவர் குனிந்து இறங்கிப் போனார்.

குடிபோன மாதமே என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பீங்கான் கம்பெனியில் சூப்பர்வைசர். ஜன்னல் வழியாகப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. ஆறடி உயரம். (அப்போதாவது புத்தி வேலை செய்திருக்க வேண்டும்.) பொண்ணே கட்டின வீடு என்று அப்பா பெருமையோடு அவர்களை மாடிக்கு அனுப்பினார்.

முதலில் மாப்பிள்ளையின் அப்பா. 'ணங்'. அவரைத் தாங்கப் போன மாப்பிள்ளை, இன்னொரு 'ணங்'. என்ன ஆச்சு என்று பார்க்க ஏறிய சித்தப்பா மூன்றாவது. பீமில் ஒரு கீறல் இல்லை. என் கணக்கு அவ்வளவு சரி.

அம்மா ஐஸ்கட்டியோடு ஓடிவந்தார். மாப்பிள்ளையின் அப்பா அதை நெற்றியில் அழுத்திக்கொண்டு, "இதுக்கு நகராட்சியில அனுமதி குடுத்தாங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. நான்தான் அப்புறமா இறக்குனேன்," என்றேன். பிடித்த மாப்பிள்ளையை நானே விரட்டிவிட்டேன் என்றே நினைத்தேன்.

மாப்பிள்ளை நெற்றியைத் தடவிக்கொண்டே பீமை அண்ணாந்து பார்த்தார். "உடையுற சாமானுக்கு நாங்க வைக்கோல் சுத்திதாங்க அனுப்புவோம். கல்யாணம் வரைக்கும் இதுலயும் கொஞ்சம் சுத்தி வைங்க, சொந்தக்காரங்க வருவாங்க," என்றார்.

வைக்கோல் சுற்றினோம். கல்யாணமும் ஆயிற்று. பரண் நிறைய அம்மாவின் பாத்திரம் ஏறிவிட்டதால் பீம் அங்கேயே இருக்கிறது. என் வீட்டுக்காரருக்கோ எந்தப் படியில் கால் வைத்தாலும் தலை தானாகக் குனிந்துவிடும். போன வாரம் ஸ்டேஷனில், கூரையே இல்லாத நடைமேம்பாலத்தில் ஏறும்போதும் குனிந்தார்.

பின்னால் வந்த மகள் மேலே பார்த்தாள். "ஏம்மா, வானத்துக்கும் நீதான் இன்ஜினீயரா?"