முயல் வீட்டுப் புகை

ஒரு காட்டில் ஏழை மிருகங்களுக்காக வாரியம் பதினாறு வீடுகள் கொண்ட அடுக்குமாடி கட்டியது. குலுக்கலில் தரைத்தள வீடு ஒன்று செங்கமலம் என்ற முயலுக்குக் கிடைத்தது. அதன் குட்டிக்கு இளைப்பு நோய். பக்கத்து வீட்டுக் கரடி மாசிலாமணி பீடி பற்ற வைத்தால் குட்டியின் நெஞ்சு விசிலடிக்கும்.

முயல் குடியிருப்போர் சங்கத்தில் முறையிட்டது. செயலாளர் நரி கூட்டம் போட்டது.

"வீட்டுக்குள் புகை இருக்கக் கூடாது. இருந்தால் ஒதுக்கீடு ரத்து. ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள்."

பதினாறு வீட்டுக்குப் பதினேழு கைகள் உயர்ந்தன. கரடி இரண்டு கையையும் தூக்கியிருந்தது.

"நாத்தம் தாங்கலப்பா. என் வீட்டுல எனக்கே சோறு இறங்கல" என்றது.

வாரியமும் அதையே விதியாக்கியது. மறுநாள் முதல் கரடி வெளியே வந்து பீடி குடித்தது. வெளியே நிழல் இருந்தது முயல் வீட்டு ஜன்னலுக்குக் கீழே மட்டும்தான். இதுவரை மனைவிக்குத் தெரியாமல் குளியலறையில் குடித்த காட்டுப்பன்றியும் குரங்கும் அங்கேயே வந்து சேர்ந்தன.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி நின்னு குடிங்களேன். பிள்ளைக்கு மூச்சு முட்டுது."

"சட்டப்படி வெளியதானே நிக்கிறோம், தங்கச்சி?" என்றது கரடி.

"ஜன்னலைச் சாத்திக்க" என்றது குரங்கு.

"சாத்தினா காத்து வராதே."

"காத்தும் வேணும், புகையும் வேணாம்னா எப்படி? இது ஏழைங்களுக்குக் கட்டின வீடும்மா."

முயல் வாரியத்துக்குப் புகார் அனுப்பியது. ஆய்வாளர் நாரை வந்து வீடு வீடாக மூக்கை நீட்டி மோந்து பார்த்தது. கரடி வீட்டில் ஊதுபத்தி மணந்தது. முயல் வீட்டில் நாரைக்குத் தும்மல் வந்தது.

"இந்த ஒரு வீட்டில்தான் புகை இருக்கிறது."

"வெளியேருந்து வருதுங்க ஐயா."

"எங்கிருந்து வருகிறது என்று விதியில் கேட்கவில்லை. எங்கே இருக்கிறது என்றுதான் கேட்டிருக்கிறது."

ஒதுக்கீடு ரத்தானது. முயல் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு அப்பால் ஒரு புதரைத் தேடிப் போனது. பாத்திர மூட்டையைக் கரடிதான் சுமந்து வந்தது. இரக்க குணம் உள்ள கரடி.

புதருக்குள் மூட்டையை இறக்கிவிட்டு, கரடி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தது.

"நல்ல காத்து, தங்கச்சி. கொடுத்து வச்சவ நீ. இங்க தடை எதுவும் இல்லியே?"

"இல்லண்ணே" என்றது முயல்.

கரடி வசதியாக உட்கார்ந்து பீடியைப் பற்ற வைத்தது.

நீதி: புகை பிடிப்பது உடல்நலத்துக்குக் கேடு. மூச்சு விடுவது வீட்டு ஒதுக்கீட்டுக்குக் கேடு.