ஒன்பதாவது தீர்மானம்

உலகத்துப் பாராளுமன்றங்கள் உருப்படாமல் போனதற்கு ஒரே காரணம், உறுப்பினர்கள் முழுசாக உடுத்திக்கொண்டு உட்காருவதுதான். இந்த மகத்தான உண்மையை எங்கள் மினோகாவா கிராமம் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டது. பனிப்பாரம் தாங்காமல் ஊர்க்கூடத்தின் கூரை இறங்கிய மறுவாரமே, கூட்டத்தை ஆற்றங்கரை வெந்நீர் ஊற்றுக்கு மாற்றினோம். கட்டணமில்லை, கதவில்லை. ஆணும் பெண்ணும் ஆளுக்கொரு குளியல் துணியைச் சுற்றிக்கொண்டு, கழுத்தளவு இறங்கி ஊரை ஆளுகிறோம்.

விதி ஒன்றே ஒன்று. தண்ணீரில் இருப்பவருக்கே வாக்கு. எழுந்தவர் தன் "கருத்துரிமையைக் கரையேற்றிவிட்டார்" என்று பொருள். தண்ணீரோ நாற்பத்தாறு டிகிரி. ஊற்றுக்கண்ணில் தொங்கும் வெப்பமானி அப்படித்தான் சொல்கிறது. அதை அங்கே தொங்கவிட்டவர் தலைவர் இவாமுரா.

இவாமுராவைப் போல ஒரு பொறுமைசாலியை இந்தப் பள்ளத்தாக்கு கண்டதில்லை. மற்றவர்கள் நான்காம் தீர்மானத்துக்குள் வெந்த நண்டாக வெளியேற, அவர் மட்டும் மூலைப் பாறையில் சாய்ந்து, தலையில் மடித்த துண்டோடு, ஒன்பது தீர்மானங்களையும் முடித்துவிட்டுத்தான் எழுவார். அதற்காகவே அரை மணி நேரம் முன்னதாக வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவார். என்ன கடமை உணர்ச்சி!

நான் கூட்டத்தில் இறங்குவதில்லை. என் வீட்டு மாடி ஊற்றுக்கு நேர் மேலே இருக்கிறது. கூட்ட நாட்களில் துணி உலர்த்துவேன். மழை நாளிலும்தான். குளியலுக்கு, விடியல் ஐந்திலிருந்து ஆறுவரை "பெண்கள் நேரம்" இருக்கிறது. நாங்கள் ஆறேழு பேர் போய்வருவோம். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

குறை மிட்சுயோவுக்கு. மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊருக்கு வந்து தோஃபுக் கடை வைத்தவள். விடிகாலை மூன்று மணிக்கு சோயா அரைக்க ஆரம்பித்தால், ஐந்து மணிக்கு அண்டா தூக்கிக்கொண்டிருப்பாள். இடுப்பு போய்விட்டது. மாலை ஆறிலிருந்து ஏழுவரை பெண்களுக்கு விடுங்கள் என்று மனுக் கொடுத்தாள். தலைவர் அதைக் கனிவோடு ஏற்று, ஒன்பதாவது தீர்மானமாக வைத்தார். ஒன்பதாவது வரும்போது தண்ணீரில் அவர் ஒருவர்தான் இருப்பார். ஆகவே மூன்று ஆண்டுகளாக அது "ஒருமனதாக" நிராகரிக்கப்பட்டு வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை, தூறல் வேளையில், தலைவருக்குத் தாமதமாகிவிட்டது. நகரத்துச் செய்தி மடலுக்கு அவர் படம் வேண்டுமாம். முடிதிருத்தப் போயிருந்தார். மிட்சுயோ கடையை மூடிவிட்டு நேரே வந்தாள். மூலை காலியாக இருந்தது. உட்கார்ந்துவிட்டாள்.

ஆண்கள் பதறினார்கள். ஆனால் எங்கள் ஊர்ப் பண்பாடு அப்படி, "எழுந்திரு" என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

"மிட்சுயோம்மா, அந்த மூலைல காத்து அதிகமோ?" என்றார் செயலாளர் தொகுஜி. ஓய்வுபெற்ற தபால்காரர். கரைக்கல்லில் குடை பிடித்துக் குறிப்பெழுதுவது அவர் வேலை. வாக்கு கிடையாது.

"இல்லண்ணே, இதமா இருக்கு."

"பாறை குத்துமே?" என்றார் மரக்கடை ஒனோதெரா.

"மெத்தை மாதிரி இருக்கு."

"அங்கேருந்து ஆறு சரியாத் தெரியாதே..."

"நல்லாத் தெரியுதே! கொக்குகூட நிக்குது பாருங்க."

புது முடியோடு தலைவர் வந்தார். "அட, மிட்சுயோவா! சவுகரியமா இருக்கா?"

"ரொம்ப, தலைவரே."

"சந்தோஷம்." பல் தெரிந்தது, சந்தோஷம் தெரியவில்லை. காலியாக இருந்த ஒரே இடம் ஊற்றுக்கண் பக்கம். இறங்கினார். ஒரு சின்ன விக்கல் கேட்டது.

"முதல் தீர்மானம். மலையில இலைங்க இந்த வருஷம்... சிவப்பு. நல்ல... சிவப்பு."

"உங்க முகமும் சிவந்திருக்கே, தலைவரே?"

"இலையோட நிழல்!"

மூன்றாம் தீர்மானம் முடிந்ததும் துள்ளிக் கரையேறினார். "அடுப்புல சோறு வச்சிட்டு வந்துட்டேன்!" அவர் வீட்டில் இருப்பது தானே அணையும் மின்சாரக் குக்கர். நானே பார்த்திருக்கிறேன்.

"தலைவருக்கே தாங்கலன்னா..." என்று ஒனோதெரா எழுந்தார். அவர் பின்னால் எல்லோரும்.

"கூட்டம் ஒத்திவைப்பு!" என்றார் தலைவர், ஆவி பறக்க.

"கரையிலேருந்து சொன்னா செல்லாதே, தலைவரே. நீங்க போட்ட விதியாச்சே" என்ற தொகுஜி, தபால் பட்டுவாடா வேகத்தில் ஐந்து தீர்மானங்களைப் படித்தார். மிட்சுயோ ஐந்துக்கும் தலையாட்டினாள். "ஒன்பதாவது. மாலை ஆறு முதல் ஏழு, பெண்களுக்கு. ஆதரவு?"

ஒரு கை உயர்ந்தது.

"எதிர்ப்பு?"

ஆறு மட்டும் சலசலத்தது. தொகுஜி கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து, "ஐயையோ!" என்று மிட்சுயோ அலறினாள். "ஏதோ காலக் கடிக்குது! மீன்! தொகுஜி அண்ணே, உயிரோட மீன்!"

நாற்பத்தாறு டிகிரியில், உயிரோடு மீன். கரையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"நம்ம ஊரு மீன்மா," என்றார் தலைவர். "சூடு தாங்கிப் பழகினது."

"பாறைல விரிசல் இருக்கு. ஆத்துத் தண்ணி சில்லுனு உள்ள வருது!" பயத்தில் அவள் பாதி எழுந்துவிட்டாள். கையெழுத்தாகுமுன் முழுசாக எழுந்தால் தீர்மானம் செல்லாது. தலைவர் முகத்தில் பௌர்ணமி உதித்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. மாடியிலிருந்து கத்திவிட்டேன்.

"எழுந்திரிக்காதடி! அது கடிக்காது, சும்மா உரசும். கால மடக்கிப் பக்கத்துப் பாறைல வையி. விடியக்காலைல நாங்கல்லாம் முறை வச்சு அப்படித்தான் உக்காருவோம்!"

மிட்சுயோ உட்கார்ந்தாள். தொகுஜி கையெழுத்துப் போட்டார். ஊருக்கு நீதி கிடைத்தது. அப்புறம் எல்லோரும் நிமிர்ந்து மாடியைப் பார்த்தார்கள். அவளும்தான்.

"அக்கா," என்றாள் மெதுவாக. "மூணு வருஷமா இடுப்பப் புடிச்சிக்கிட்டு உங்க வாசல் வழியாத்தானே போனேன்?"

மழை வலுத்தது. துணி நன்றாக உலர்ந்துவிட்டிருந்ததால், எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.