வேலையை விட்ட காரணம்: விடுதலை

வடசென்னையில் பொய் சொல்லத் தெரியாத ஒரே மனிதர் அண்டாதான். திருவொற்றியூரில் ஒரு வால்வு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்து, மூட்டை மூட்டையாக வேலை விண்ணப்பங்களைப் படித்தவன் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன். விண்ணப்பப் படிவத்தில் சொல்கிற பொய்யை மனிதன் வேறெங்கும் சொல்லமாட்டான். பெண் பார்க்கப் போன இடத்தில்கூடக் கொஞ்சம் கூச்சப்படுவான். பத்தாவதில் ஃபெயிலானவர் 'பட்டப்படிப்பு, தொடர்கிறது' என்று எழுதுவார். பழைய முதலாளியின் சட்டையைப் பிடித்துவிட்டு வந்தவர், வேலையை விட்ட காரணம் 'உடல்நிலை' என்று எழுதுவார். நானே சேரும்போது டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் என்று எழுதினேன். லோயரே இரண்டாவது தடவைதான் பாஸ்.

அண்டா வந்தது, எங்கள் கேன்டீனிலிருந்து இரண்டே மாதத்தில் மூன்று சமையல்காரர்கள் ஓடிப்போயிருந்த நேரம். மூன்றாமவர் உலையில் அரிசியைப் போட்டுவிட்டு பீடி வாங்கப் போனவர், இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறார். நான்காவதாக வந்தவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பித்தான் வரைக்கும் போட்டிருந்தார். என் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. ஆனாலும் வாசலிலேயே நின்றார். கூப்பிட்ட பிறகு உள்ளே வந்தார், உட்காரச் சொன்ன பிறகு உட்கார்ந்தார். படிவத்தைக் கொடுத்ததும் முக்கால் மணி நேரம் நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினார்.

படிப்பு: எட்டாவது (வெளியில்), பத்தாவது (உள்ளே). முன்பு வேலை பார்த்த இடம்: மத்திய சிறை, புழல். வேலை: சமையல். அனுபவம்: பதினோரு வருடம். வேலையை விட்ட காரணம்: விடுதலை.

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். என்ன கேட்பதென்று தெரியாமல், வழக்கமாக எல்லாரிடமும் கேட்கிற கேள்வியையே கேட்டேன். "லீவு அதிகமா எடுப்பீங்களா?"

"பதினோரு வருசத்துல ஆறு நாளு சார். எங்கம்மா செத்தப்ப மூணு, காரியத்துக்கு மூணு."

'குற்ற வழக்கில் தண்டனை பெற்றவரா? ஆம் எனில் விவரம்' என்று ஒரு கட்டம் உண்டு. இரண்டு விரல் அகலம். யாரும் அதில் எழுதுவதில்லை என்பதால் அவ்வளவுதான் இடம் விட்டிருந்தார்கள். இவர் அங்கே ஆரம்பித்து, இடம் போதாமல் ஓரத்தில் ஏறி, 'அலுவலக உபயோகத்துக்கு மட்டும்' என்ற என் கட்டத்துக்குள்ளும் நுழைந்திருந்தார். 'பேர் சேகர். வயது 29. என் தோஸ்து. காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் வேலை. நன்றாகப் பாடுவான். ஒரு பெண் குழந்தை உண்டு. நான் குடித்திருந்தேன். ஒரு பேச்சுக்குக் கட்டையால் அடித்துவிட்டேன். செத்துப்போனான்.'

"இவ்வளவு வேண்டாங்க," என்றேன். "செக்ஷன் நம்பர் போட்டா போதும்."

"செக்ஷன் போட்டா சேகரு எங்க சார் தெரிவான்?"

"அப்படீன்னா காலியா விட்டுடுங்க. நான் பாத்துக்கறேன்."

பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். "காலியா வுட்டா அப்டி ஒருத்தன் பொறக்கவே இல்லன்னு ஆய்டும் சார். அவன் பேர எயுதறதுக்கு எனக்கு வேற எடம் ஏது?"

டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன்.

மேலாளர் படிவத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன்யா, கொலைகாரனைக் கூட்டிட்டு வந்து கரண்டியைக் கொடுக்கச் சொல்றியா?"

"கேன்டீன் உப்புமாவுக்காக இங்கேயே ஒரு கொலை விழறதுக்குள்ள யாராவது வேணுமே சார்," என்றேன். அவர் சிரித்துவிட்டார். சிரித்த மேலாளரிடம் கையெழுத்து வாங்குவது சுலபம். வியாசர்பாடி விலாசம் எழுதினாலே விண்ணப்பத்தை அடியில் தள்ளுகிற ஆபீஸ்கள் இருக்கிற ஊர் இது. நான் கொண்டித்தோப்பில் பிறந்தவன், எனக்குத் தெரியும். ஆகவே நானே பெரிய புரட்சி செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டில் போய்ப் பெருமையடித்தேன்.

நாங்கள் அறுபத்திரண்டு பேர். முதல் நாள் முந்நூறு பேருக்குச் சமைத்திருந்தார். காய் நறுக்குகிற தனம் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்தினாள். "இன்னாண்ணா இது! அறுவது பேருக்கு ஆக்க சொன்னா அண்டா அண்டாவா எறக்கி வெச்சிகீற? எண்ணூர்ல கீறவனெல்லாம் வந்து துன்னணுமா?"

"முந்நூறுக்கு கீய கை வர மாட்டேங்குதும்மா," என்றார் பாவமாக. அன்றிலிருந்து அவர் அண்டா. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

அந்த முதல் நாளே இன்னொரு காரியமும் செய்தார். தட்டோடு வரிசையில் நின்றவர்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார். "நான் ஒருத்தன கொன்னுட்டு உள்ள இருந்துட்டு வந்தவன். அத்த தெரிஞ்சிகினு துன்னுங்க." வரிசையில் பாதி கலைந்தது. மறுநாள் தொழிற்சாலை முழுக்க டிபன் டப்பா. அதற்கு மறுநாள் மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்பு வாசனை லேத் பட்டறை வரைக்கும் போனது. நான்காம் நாள் ஒரு டப்பாவும் வரவில்லை. உப்புமாவை ஜனங்கள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கியதை உலகத்திலேயே அவர் காலத்தில்தான் பார்த்தேன்.

முந்நூறு மெல்ல இருநூறாகி, நூறாகி, எண்பதில் வந்து நின்றது. அதற்குள் அந்த வட்டாரத்து நாய்களெல்லாம் குடும்பத்தோடு எங்கள் கேட்டுக்கு ஜாகை மாற்றியிருந்தன. பரிமாறுவதில் அண்டாவிடம் சலுகை கிடையாது. பெருக்குகிறவருக்கும் மேலாளருக்கும் ஆளுக்கு ஒரு அப்பளம். மேலாளர் ஒரு நாள் முதல் அப்பளத்தைச் சோற்றுக்குள் புதைத்துவிட்டு, "எனக்கு வரலியே," என்றார். அண்டா குனிந்து சோற்றைப் பார்த்தார். "உள்ள கீது சார்," என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விட்டார்.

சாயங்காலச் சங்கு ஊதியதும் நாங்கள் கேட்டுக்கு ஓடுவோம். அவர் மட்டும் சமையலறைச் சுவரோரமாகக் குந்தி உட்கார்ந்துவிடுவார். உள்ளே அந்த நேரத்தில் ஆளை எண்ணுவார்களாம், உடம்பு தானாக உட்கார்ந்துவிடுகிறதாம். தனம் அக்கா பையை எடுத்துக்கொண்டு போகிறபோது அவர் தலையைத் தொட்டு, "ஒண்ணு! கணக்கு சரியா கீது, வூட்டுக்கு போண்ணா," என்பாள். சிரித்துக்கொண்டே எழுந்திருப்பார். நாங்களும் சிரிப்போம். அப்போது அது சிரிப்பாகத்தான் இருந்தது.

மூன்று மாதம் கழித்து அவரை நிரந்தரமாக்க உத்தரவு வந்தது. தலைமை அலுவலகத்துக் கம்ப்யூட்டரில் விவரங்களை ஏற்ற வேண்டும். எல்லாம் ஏற்றினேன். தண்டனைக் கேள்விக்கு 'ஆம்' என்று போட்டதும் அந்த வரி சிவப்பாகிப் பொத்தான் வேலை செய்யவில்லை. நாலு தடவை அழுத்தினேன். தலைமை அலுவலகத்துக்கு போன் செய்தேன். ஒரு பெண் இனிமையாக, "இல்லைன்னு போடுங்க சார், எடுத்துக்கும்," என்றாள். போட்டேன், எடுத்துக்கொண்டது. இரண்டு காகிதம் இரண்டு விதமாகப் பேசினால் வம்பு என்று அவர் கையால் எழுதிய படிவத்தைக் கிழித்துக் கூடையில் போட்டேன்.

அச்செடுத்த தாளில் கையெழுத்து வாங்க அண்டாவைக் கூப்பிட்டேன். முழுக்க ஆங்கிலம். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் எயுதனது அப்டியே இதுல கீதா சார்?"

"ஆமா," என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார். என் வாழ்நாளில் நான் நல்ல எண்ணத்தோடு சொன்ன பொய் அது ஒன்றுதான்.

நிரந்தரமானதும் அடையாள அட்டை வந்தது. அதைக் காட்டித்தான் எம்.கே.பி. நகரில் அவருக்கு ஒரு வாடகை அறை கிடைத்தது. அதுவரை யாரும் வீடு கொடுக்காமல், ஒரு சைக்கிள் கடையின் ஷட்டருக்கு வெளியே படுத்திருந்தாராம். அந்த அட்டையை மீன் மார்க்கெட்டுக்கும் மாட்டிக்கொண்டு போவார், கல்யாணத்துக்கும் மாட்டிக்கொண்டு போவார். ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் ஏதோ அதிகாரி வந்துவிட்டார் என்று தனிப் பந்தியில் உட்கார வைத்தார்களாம். "ரெண்டு அப்பளம் வெச்சாங்க சார். ஒண்ண திருப்பி குட்த்துட்டேன்," என்றார்.

நாலு வருடம் இப்படிப் போனது. பிறகு தலைமை அலுவலகம் எல்லாப் பணியாளர்களின் பழைய விவரங்களையும் ஒரு ஏஜென்சியை வைத்து விசாரித்தது. மடிக்கணினியோடு ஓர் இளைஞர் வந்தார். அண்டாவைக் கூப்பிட்டார்கள். மேலாளர் இருந்தார், நான் இருந்தேன். "தண்டனை பெற்றது பிரச்சினை இல்லை," என்றார் அந்த இளைஞர் மிக நாகரிகமாக. "மறைச்சதுதான் பிரச்சினை. உண்மையைச் சொல்லியிருந்தா யோசிச்சிருப்போம்."

நாலு வருடம் அப்பளத்துக்காக அவரிடம் வழக்காடிய மேலாளர், "அடப்பாவி, இப்படியா!" என்று நெஞ்சில் கை வைத்தார்.

"இதை ஏத்தினது யாரு?" என்று இளைஞர் என் பக்கம் திரும்பினார். என் மகள் அப்போது இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். எனக்கு ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் என்றுதான் இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இளைஞர் விரல் வைத்துக் காட்டிய வரியை அண்டா பார்த்தார். 'நோ' என்ற இரண்டு ஆங்கில எழுத்தைப் படிக்க அந்த 'உள்ளே' படித்த பத்தாவது போதும். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"நான்தான் சார் இல்லன்னு போட சொன்னேன். சாருக்கு ஒண்ணியும் தெரியாது," என்றார்.

எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். முக்கால் மணி நேரம் எழுதுகிற மனிதர் அன்றைக்கு ஒரே வரியில் முடித்துவிட்டார். 'நான் தண்டனை பெற்றதை மறைத்தேன்.' அட்டையைக் கழுத்திலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். போகச் சொல்கிற வரைக்கும் நின்றார்.

கேட்டுக்கு வெளியே ஓடிப்போய்ப் பிடித்தேன். "ஏன் அண்டா? என்னைச் சொல்லியிருக்கலாமே?"

"உங்குளுக்கு ஒரு பொண்ணு கீது சார். சேகருக்கும் ஒண்ணு இருந்திச்சி." சொல்லிவிட்டு இரண்டடி நடந்தவர் நின்றார். "ஆனா அவன் பேர எடுக்கறதுக்கு மின்னாடி என்கைல ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் சார்." ஸ்டேஷன் பக்கம் போய்விட்டார்.

அடுத்த மாதமே வீட்டுக்காரர் அட்டை எங்கே என்று கேட்டிருக்கிறார். அறை போயிற்று. தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாண சமையல் கான்டிராக்டர் அவரைச் சேர்த்துக்கொள்ள நினைத்து, விசாரிப்பதற்காக எங்கள் ஆபீசுக்கு போன் செய்தார். எடுத்தது நான். "ரொம்ப நல்ல மனுஷர், கண்ணை மூடிட்டு எடுத்துக்குங்க," என்றேன். "அது சரி சார், நீங்க ஏன் நிறுத்தினீங்க?" என்றார். சொல்வதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான். மேலாளர் எதிரே உட்கார்ந்திருந்தார். நான் மென்று விழுங்கினேன், அவர் போனை வைத்துவிட்டார். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம்.

தனம் அக்காவிடம் கடைசியாக அவர் சொன்னது இது. "கொலகாரன்னா கூட ஒருத்தர் ரெண்டு பேரு பாவம்னு சேத்துக்கறாங்கம்மா. பொய்யன்னா எவன் சேத்துப்பான்?" அப்புறம் அவரைக் காணோம். கும்மிடிப்பூண்டிக்கு அப்பால் கட்டட வேலைக்காரர்களுக்குச் சமைக்கிறார் என்று ஒருவர் சொன்னார். நான் இரண்டு தடவை ரயிலேறிப் போய்த் தேடிவிட்டு வந்தேன்.

ஓய்வுபெற்ற அன்று மாலையைக் கழற்றி வைத்துவிட்டு மேலாளரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் லட்டைப் பிட்டுக்கொண்டே, "தெரியும்யா. அவன் எழுதினதை நான்தானே முதல்ல படிச்சேன். விடு, முடிஞ்சு போச்சு," என்றார்.

இப்போது நண்பர்கள் கூடுகிற இடத்தில் அடிக்கடி இந்தப் பேச்சு வருகிறது. ஜெயிலுக்குப் போனவனை வேலைக்கு வைக்கலாமா, நம்ப முடியுமா என்று காபி ஆறுகிற வரைக்கும் வாதாடுகிறார்கள். அண்டாவை நம்பியதால் எங்கள் கம்பெனியில் ஒரு கரண்டிகூடக் காணாமல் போனதில்லை. எங்களை நம்பியதால் அவருக்குத்தான் எல்லாம் போயிற்று. இதை நான் அங்கே சொல்வதில்லை. எழுந்து வந்துவிடுவேன்.

அண்டா, இது அச்சாகிற பத்திரிகைப் பக்கம் பஜ்ஜி மடித்த காகிதமாகவாவது உங்கள் கைக்கு வந்து சேரும் என்று எனக்கு ஒரு நப்பாசை. நீங்கள் எதையும் மறைக்கவில்லை. சேகரின் பெயரை எழுதித்தான் கொடுத்தீர்கள், கிழித்துப் போட்டவன் நான். இப்போது பெயரோடு இங்கே எழுதியிருக்கிறேன், விட்டுப்போனது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். ஒரு தடவை வந்து என்னைத் திட்டிவிட்டுப் போங்களேன்.