காவல் நிலையத்துக்குள் ஒரு கோஷம்

மதுரையில் கோயில் மணிக்கு அடுத்தபடியாக அதிகத் தூரம் கேட்டது 'கோஷம்' அண்ணனின் தொண்டைதான். சிம்மக்கல்லில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே மறந்திருக்கும். எந்தக் கட்சியிலும் இல்லை. ஆனால் எந்தக் கட்சி ஊர்வலம் போனாலும் கடையைச் சாத்திவிட்டு முன்னால் நின்று கோஷம் போடுவார். மறுநாள் அந்தக் கட்சியை எதிர்த்து இன்னொரு கட்சி போனால் அதற்கும் அவர்தான்.

"என்னண்ணே, ரெண்டு பக்கமும் கத்துறீக?" என்று கேட்டேன்.

"சொல்ல வந்தவன் சொல்லிட்டுப் போகட்டும் மாப்ள. எல்லாருக்குமா ஆண்டவன் தொண்டையைக் குடுத்திருக்கான்?" என்றார்.

நெருக்கடி நிலை வந்தது. நாலு பேர் சேர்ந்து டீ குடிக்கவே யோசித்த காலம். அந்த நேரம் பார்த்து எங்கள் தெருக்குழாய் வற்றிப்போனது. பெண்கள் குடத்தோடு வைகை மணலில் ஊற்றுத் தோண்டப் போனார்கள். குழாயடியில் நின்று கோஷம் போட அனுமதி கேட்டு, அண்ணன் காவல் நிலையத்துக்குப் போனார். கூடப் போகும் தைரியம் தெருவில் யாருக்கும் இல்லை, என்னையும் சேர்த்து.

கோஷங்களை முன்கூட்டியே எழுதித் தர வேண்டுமாம். அண்ணனுக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும்.

"அப்ப வாயால சொல்லும்யா, நான் எழுதிக்கிறேன்" என்றார் ஏட்டு. வினையை விலைக்கு வாங்கினார் பாவம்.

"தண்ணீர் கொடு! தண்ணீர் கொடு!"

மேஜை மேலிருந்த தொப்பி உருண்டு கீழே விழுந்தது.

"மெதுவாச் சொல்லுய்யா!"

"மெதுவாச் சொன்னா அது எப்படிக் கோஷமாகும் ஏட்டையா? கெஞ்சுறதுல்ல?"

"சரி, இதுக்குச் சனம் என்ன சொல்லும்?"

"நான் சொன்னதையே திருப்பிச் சொல்லுவாக. ஆள் சொன்னாத்தான் எனக்கு அடுத்தது வரும். நீங்க சொல்லுங்க."

ஏட்டும் சொன்னார். அவர் வீட்டுக்கும் அதே குழாய்தான். கொஞ்சம் உணர்ச்சியோடே சொல்லிவிட்டார். வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

அனுமதி கிடைக்கவில்லை. மறுபடி மனுக் கொடுக்கக் கூடாது என்று யாரும் சொல்லாததால், திங்கட்கிழமைதோறும் போனார். மதுரையில் அப்போது தவறாமல் நடந்த ஒரே போராட்டம், காவல் நிலையத்துக்குள்தான் நடந்தது.

ஐந்தாவது திங்களன்று புது இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். உள்ளே போன அண்ணன் இருபது நாள் கழித்துத்தான் வெளியே வந்தார். என்ன நடந்தது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் அப்போது ஊரே தேறியிருந்தது. அதன் பிறகு தலை குனிந்து பஞ்சர் ஒட்டினார். ஊர்வலம் எதற்கும் போகவில்லை. போக ஊர்வலமும் இல்லை.

நெருக்கடி நிலை விலகியது. அந்தக் கோடையிலும் குழாயில் காற்றுதான் வந்தது. ஒருநாள் காலை அண்ணன் குழாயடியில் வந்து நின்றார்.

"தண்ணீர் கொடு!"

பழைய தொண்டையில் பாதிதான் இருந்தது. குடத்தோடு நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தடை போயிருந்தது, பயம் போகவில்லை. அண்ணன் காத்திருந்தார். மறுபடியும் சொன்னார்.

நான் அரசாங்க குமாஸ்தா. அதுவரை நான் உரக்கச் சொன்ன ஒரே வார்த்தை "எஸ் சார்". அவர் தனியாக நிற்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"தண்ணீர் கொடு!" என்றேன்.

அண்ணன் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"இம்புட்டுத்தானா மாப்ள? சத்தம் பத்தல."

அந்த மனுஷனுக்காகவே இன்னொரு முறை, தொண்டை கிழியக் கத்தினேன்.